ஒரு கான் சுத்தமான தண்ணீர்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்கு நிற்கிற சனத்துக்குள் கையில் தண்ணீர்க் கானோடு நிற்கிறவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தீவுக்குப் போகிறவர்கள் தண்ணீரும் கொண்டுதான் போவார்கள். அன்றைக்கும் படகில் கானை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் மட்டும் வாய் திறந்தார்.

"பிள்ளை, உதைக் கீழ வையுமன். கால் நோகப்போகுது."

"ஏலாது அம்மா. இது வேற தண்ணி" என்றேன்.

அது என்ன வேறு தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நயினாதீவு இறங்குதுறை வரும்வரை விளக்கியிருப்பேன். கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். அதுதான் என்னைப் பிடித்திருந்த வியாதி.

என் பெயர் பவதாரணி. ஊர் வேலணை. பல்கலைக்கழகக் கம்பஸில் இரசாயனவியல் படித்து, அதற்குமேல் எம்.எஸ்சி.யும் முடித்தேன். தீவுக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் அள்ளி, வெள்ளி நைத்திரேற்று என்ற மருந்தை விட்டு அளந்து திரிந்ததில் என் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயின. "பொம்பிளை பாக்க வாறவை முதல்ல விரலைத்தான் பாக்கப்போகினம்" என்று அம்மா புறுபுறுப்பார். பிறகு ஆசிரியர் நியமனம் வந்தது. நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடம். பட்டம் இருந்தால் போதாது, படிப்பிக்கத் தெரியும் என்பதற்கும் ஒரு தகுதி எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்காகச் சனி ஞாயிறுகளில் கல்வி டிப்ளோமா வகுப்புக்கும் போய்வந்தேன். எழுத்துப் பரீட்சை எனக்குத் தண்ணி பட்ட பாடு. மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: நான் வகுப்பில் படிப்பிப்பதை ஒரு மதிப்பீட்டாளர் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துப் புள்ளி போடவேண்டும். இரண்டு முறை வருவார். முதல் முறை நான் மண் கவ்வினேன்.

வந்தவர் வைத்திலிங்கம் சேர். அவரும் தீவுக்காரர்தான், நாரந்தனை. விஞ்ஞானம் படிப்பித்து, அதிபராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் எங்களைப் போன்றவர்களை விடாமல் பின்தொடர்கிறவர். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். அன்றைக்குப் பத்தாம் வகுப்புக்கு அணுவைப் படிப்பித்தேன். கரும்பலகை நிரம்பி, அழிபட்டு, மறுபடி நிரம்பியது. கேள்வி கேட்டேன். பிள்ளைகள் வாயைத் திறக்குமுன் நானே பதிலைச் சொன்னேன். அடுத்ததுக்குத் தாவினேன். மனதுக்குள் எனக்கு நானே கைதட்டிக்கொண்டும் இருந்தேன்.

மணி அடித்ததும் சேர் எழும்பி முன்வாங்குக்கு வந்தார். அங்கே இருந்த லக்சிகாவிடம், "இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவா?" என்று கேட்டார். லக்சிகா எழும்பி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே குறைவு, அன்றைக்கு அதுவும் இல்லை.

பிறகு ஆசிரியர் அறையில் என்னை இருத்தி வைத்துச் சொன்னார்.

"உமக்கு இரசாயனம் நல்லாத் தெரியுமெண்டு எனக்கு விளங்கிச்சு. பிள்ளையளுக்கும் அது விளங்கிச்சு. வேற ஒண்டும் விளங்கேல்லை. நீர் கேள்வியைக் கேட்டுப்போட்டு நீரே பதிலைச் சொல்லுறீர். பிள்ளையளுக்கு மூச்சுவிட இடம் குடுக்கிறீர் இல்லை. அடுத்த முறையும் இப்பிடியெண்டால் நான் பாஸ் போடமாட்டன்."

நான் "ஓம் சேர்" என்று மட்டும் சொன்னேன். திரும்பும் படகில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். எம்.எஸ்சி. முடித்தவளுக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பாடம் நடத்தத் தெரியவில்லையாம். கம்பஸில் என் பேராசிரியர் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் வைத்திருந்தார். காணும்போதெல்லாம், "முழுநேரமா வாரும், உந்தப் பள்ளிக்கூடத்தை விடும்" என்பார். இரண்டாம் முறையும் சரிவராவிட்டால் போய்விடுவது என்று முடிவெடுத்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட எனக்கு மனமில்லை என்பது அந்தச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆய்வுகூடத்துக் குழாய்கள் நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். கோபிசங்கர் மாதிரி ஒரு பொடியன் குறுக்கே எழும்பி, "ரீச்சர், அப்ப கடலுக்கு ஆர் உப்புப் போட்டது?" என்று கேட்பதில்லை. அந்தக் கோணல் கேள்விகள் இல்லாமல் எனக்குப் பொழுது போகாது என்று ஆகியிருந்தது.

ஆகவே இரண்டாம் முறைக்குத் தண்ணீரையே பாடமாக எடுத்தேன். தீவுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதனால் என் வாய்க்கும் வேலை குறைவு என்பது என் கணக்கு. மூன்று சோதனைக் குழாய்கள். ஒன்றில் கடல்தண்ணீர், ஒன்றில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கம்பஸில் இருந்து நானே பிடித்துக்கொண்டு வரும் காய்ச்சி வடித்த நீர். மூன்றிலும் வெள்ளி நைத்திரேற்று விட்டால், உப்பு உள்ளது வெள்ளையாகும், உப்பு இல்லாதது தெளிவாகவே நிற்கும். பிள்ளைகள் பார்ப்பார்கள், பிள்ளைகளே சொல்வார்கள், நான் சும்மா நிற்பேன்.

படகால் இறங்கிக் கானை ஆசிரியர் அறை மேசையில் வைத்தபோது அதிபர் விநாயகமூர்த்தி சேர் அங்கே இருந்தார். தமிழும் சைவசமயமும் படிப்பித்து அதிபரானவர். யார் பள்ளிக்கூடத்துப் படியேறினாலும் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

"உதென்ன பிள்ளை?" என்று கேட்டார்.

"சுத்தமான தண்ணி சேர். உலகத்தில இதைவிடச் சுத்தமான தண்ணி இல்லை" என்றேன்.

இரண்டு சொல்லில், வகுப்புக்கு வைத்திருக்கிறேன், தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. அன்றைக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி பழுது, பள்ளிக்கூடத்துக்கு வராது என்று அங்கே கதைத்துக்கொண்டிருந்ததையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் பிள்ளைகளைப் பார்க்க ஓடிவிட்டேன்.

இரண்டாம் பாடவேளைக்கு வைத்திலிங்கம் சேர் வந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வாங்கில் போய் இருந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டார். கோபிசங்கர் ஆசிரியர் அறைக்குப் போய்க் கானைத் தூக்கிவந்தான். மூன்று குழாய்களையும் பிள்ளைகளே நிரப்பினார்கள். எது வெள்ளையாகும், எது ஆகாது என்று கேட்டேன். கடல்தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஆகும், ரீச்சரின் தண்ணி ஆகாது என்றார்கள். எல்லாம் நான் நினைத்தபடியே போனது.

கடல்தண்ணீரில் மருந்து விட்டேன். தயிர் மாதிரித் திரண்டது. கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். பால் மாதிரி வெளுத்தது. என் தண்ணீரில் விட்டேன். அதுவும் பால் மாதிரி வெளுத்தது.

வகுப்பு என்னைப் பார்த்தது. எனக்கு ஒரு கணம் போதுமாயிருந்தது. கானில் இருப்பது நான் கொண்டுவந்த தண்ணீர் இல்லை. அந்த வெள்ளையின் தடிப்பைப் பார்த்தே அது எந்தக் கிணறு என்றும் சொல்லிவிடுவேன். அந்தக் கிணற்றை அளந்தவளே நான்தான். பதில் முழுவதும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பின்வாங்கில் பேனை தாளுக்கு மேலே நின்றது.

விளக்கத் தொடங்கினால் மணி அடிக்கும்வரை நான்தான் கதைப்பேன். போன முறை மாதிரியே முடியும். பிழையை மறைத்துக் குழாயை ஊற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், ஆனால் அப்படிச் செய்கிறவள் இரசாயனவியலும் படித்திருக்கக்கூடாது. ஆகவே, "ஏன் இப்பிடி நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

வாயை மூடிக்கொண்டு நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மனதுக்குள் மூலகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று தொடங்கி, உப்பில் இருக்கும் குளோரினுக்கு வந்தபோது உதடு பிரிந்தே விட்டது. அதற்குள் கோபிசங்கர் எழும்பினான்.

"ரீச்சர், கம்பஸ்காரர் உங்களை ஏமாத்திப்போட்டினம்."

வகுப்பு சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கையால் பிடித்த தண்ணீர் அது.

"இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்றது ஒரு வாங்கு. மருந்து பழசு என்றது இன்னொரு வாங்கு. அந்த மருந்தை முதல்நாள்தான் கரைத்தேன் என்று சொல்ல வந்ததையும் விழுங்கினேன். அந்தச் சத்தத்துக்குள் லக்சிகா எழும்பி நின்றாள். நான் கேள்வி கேட்காமலே அவள் எழும்பியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"தண்ணி விடாமல், மருந்தை மட்டும் விட்டுப் பாப்பமோ ரீச்சர்?"

"பாரும்" என்று, கம்பஸிலேயே மற்றவற்றோடு கழுவிக் கொண்டுவந்திருந்த இன்னொரு குழாயைக் கொடுத்தேன்.

அவள் சொட்டுச் சொட்டாக விட்டாள். தெளிவாகவே நின்றது. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப குழாயிலயும் பிழையில்லை. மருந்திலயும் பிழையில்லை. தண்ணியிலதான்."

"நான் முதலே சொன்னன்தானே" என்று கோபிசங்கர் கானில் விரலை விட்டு நக்கப் போனான்.

"ஆய்வுகூடச் சாமானை வாயில வைக்கக்கூடாது" என்றேன். அந்த வேளை முழுவதும் நான் உறுதியாகச் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

லக்சிகா கிணற்றுத் தண்ணீர்க் குழாயையும் கான் தண்ணீர்க் குழாயையும் எடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் ஒன்றாகப் பிடித்தாள். கறுப்புக்கு முன்னால் இரண்டும் ஒரே வெள்ளை. எது எது என்று அவளுக்கே மாறிப்போகும்போல இருந்தது.

"இது எங்கட கிணத்துத் தண்ணி ரீச்சர்" என்றாள்.

"அப்ப ரீச்சர் கொண்டுவந்த தண்ணி எங்க?" என்றான் கோபிசங்கர்.

அப்போதுதான் என் கண் பின்வாங்கில் இருந்த கோப்பைக்குப் போனது. பவுசர் வராத நாளில், வாயில் வைக்க ஏலாத உவர்க் கிணறு உள்ள பள்ளிக்கூடத்தில், வைத்திலிங்கம் சேர் முகம் சுளிக்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அதே நேரம் வகுப்பு வாசலில் அதிபர் வந்து நின்றார். என் பாடம் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார், பாவம், முகமெல்லாம் அக்கறை.

இன்னும் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் தேத்தண்ணி போட்ட அதிபரிடம்தான் போய் நிற்பார்கள். அதிபரும் என்னைப் பற்றி ஒரு அறிக்கை அனுப்பவேண்டும். அது போகட்டும். வந்த விருந்தாளிக்கு முன்னால், தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அந்த மனுசன் தலைகுனிந்து நிற்பதை நான் எப்படிப் பார்ப்பது. "சரி, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிப் பாடத்தை முடிக்கலாம் என்று வாயெடுத்தேன்.

கோபிசங்கர் முந்திக்கொண்டான். "கான் காலமை முழுக்க ஆசிரியர் அறையிலதான் இருந்தது. நான் அங்கயிருந்துதான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அது நான்தான் பிள்ளையள்" என்றார். "சேர் குறிகட்டுவானால வெய்யிலுக்குள்ள வாறார். குடிதண்ணி ஒரு சொட்டு இல்லை. வந்த மனுசனுக்கு உப்புத் தண்ணியிலயோ தேத்தண்ணி குடுக்கிறது? ரீச்சர் உலகத்திலயே சுத்தமான தண்ணி எண்டு சொன்னவா. எடுத்துக் கேத்திலில ஊத்திப்போட்டன். மிச்சத்தைப் போத்தல்ல ஊத்தி நான் மேசைக்குக் கீழ ஒதுக்கி வைச்சன், இன்னொரு கோப்பை கேட்டாலும் எண்டு. தண்ணி எடுத்த கானை வெறுமையா வைக்கக்கூடாதுதானே. அதுதான் கிணத்துத் தண்ணி அள்ளி நிரப்பி வைச்சனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் எடுத்த பாத்திரத்தை வெறுமையாக வைக்கக்கூடாது என்பது அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அவர் செய்ததில் அவர்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எனக்கும் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. வாய் நிறையப் பெருமை பேசி, அவர் கையில் கானைத் தூக்கிக் கொடுத்ததே நான்தான்.

லக்சிகா மட்டும் இன்னும் குழாயைக் கீழே வைக்கவில்லை. "சேர், கேத்திலில மிச்சம் இருக்கோ?" என்றாள்.

அதிபர் தானே போனார். வேட்டி நுனியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் கண்டதில்லை. திரும்பி வரும்போது கேத்தில் ஒரு கையில், போத்தல் மறு கையில். லக்சிகா இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி மருந்து விட்டாள். போத்தல் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. கேத்தில் தண்ணீரில் உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய மங்கல் இருந்தது.

"அது கேத்திலில ஒட்டிக்கிடந்த பழைய உப்பு" என்றான் கோபிசங்கர். சரியாகச் சொன்னான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிள்ளைகள் எல்லாரும் மெல்லப் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் சேர் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த கடைசி வாயையும் குடித்துவிட்டு, கோப்பையை வாங்கில் வைத்தார். மணி அடித்தது.

அவர் எழும்பி முன்வாங்குக்கு வந்தார். போன முறை மாதிரியே லக்சிகாவிடம் கேட்டார்.

"இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவா?"

லக்சிகா இந்த முறை உடனே பதில் சொன்னாள்.

"ரீச்சர் ஒண்டும் படிப்பிக்கேல்லை, சேர். நாங்கள்தான் கண்டுபிடிச்சனாங்கள்."

அந்தப் பிள்ளை உள்ளதைத்தான் சொன்னது, அதில் பிழை பிடிக்க ஏலாது. சேர் தாளில் எதையோ எழுதி மடித்துப் பைக்குள் வைத்தார். என் பள்ளிக்கூட வாழ்க்கை அந்த மடிப்போடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிட்டபோது அதிபர் என் கானைக் கொண்டுவந்து தந்தார். கனத்தது. மறுபடியும் கிணற்றுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்.

"வெறுங் கானோட அனுப்பக்கூடாது பிள்ளை" என்றார். "அடுத்த முறை இரண்டு கான் கொண்டு வாரும். ஒண்டு பிள்ளையளுக்கு, ஒண்டு வாற ஆக்களுக்கு."

அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. "ஓம் சேர்" என்று வாங்கிக்கொண்டேன்.

படகில் வைத்திலிங்கம் சேருக்குப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. கானை மடியில் வைத்துக்கொண்டேன். கேட்கவேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை.

"தேத்தண்ணி எப்பிடி இருந்தது சேர்?" என்றேன்.

"அதைத்தான் நான் முதல் வாயிலயே யோசிச்சனான்" என்றார். "தீவில பிறந்தவன் நான். கிணத்தைப் பாத்துக்கொண்டுதான் உள்ளுக்க வந்தனான். அப்ப உப்பில்லாத தேத்தண்ணி இஞ்ச எப்பிடி வந்தது? உம்மட தண்ணி வெள்ளையானவுடன எனக்குக் கணக்குச் சரிவந்திட்டுது."

"பிறகேன் சேர் ஒண்டும் சொல்லேல்லை?"

"உமக்கு எப்ப விளங்கினது?"

"எனக்கும் வெள்ளையானவுடன."

"பிறகேன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பிள்ளை சொன்னதை ஒரு எழுத்தும் மாத்தாமல் எழுதியிருக்கிறன். வேற விளக்கம் எழுதேல்லை. அதுக்குப் பக்கத்தில புள்ளியைப் போட்டிருக்கிறன். நீர் இனிப் படிப்பிக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. சனம் பார்க்கிறது என்று தெரிந்தும் துடைக்கவில்லை. போன முறை பல்லைக் கடித்து அடக்கியதும் சேர்ந்தே வந்தது. பள்ளிக்கூடத்தை விடமாட்டேன். நாளைக்கே இந்தக் கானோடு பேராசிரியரிடம் போய், முழுநேரமாக வர ஏலாது, சனி ஞாயிறில் வந்து இந்தத் தண்ணீரை அளக்கிறேன், விரும்பினால் சேருங்கோ என்று சொல்லவேண்டும். கோபிசங்கரையும் லக்சிகாவையும் ஒரு நாளைக்கு அந்த ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போகவேண்டும்.

குறிகட்டுவான் கிட்டியபோது சேர் என் மடியைப் பார்த்தார்.

"உந்தக் கானை ஏன் பிள்ளை கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர்? அதுக்குள்ள என்ன?"

சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"என்னவா இருக்குமெண்டு நினைக்கிறியள் சேர்?" என்றேன்.